குழந்தைகளை வீட்டில் விட்டு வரவும்

பயம் வந்தால் சிலருக்குக் கைகால் நடுங்கும். சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு அப்படியெல்லாம் இல்லை. நான் சுறுசுறுப்பாகிவிடுவேன். அந்தச் சுறுசுறுப்பினால் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்கள் வகுப்பை ஒரு நாள் காலையில் நானே மூடப் பார்த்தேன். மூடவிடாமல் தடுத்தவர்கள் வேறு சிலர். அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நடுநடுவே என் பிரதாபமும் வரும், பொறுத்துக்கொள்ளவும்.

பர்மாவில், லான்மடா வட்டாரத்தில், ஆற்றைப் பார்த்து இறங்கும் ஒரு குறுக்குத் தெருவில், அரிசிக் கிடங்கை ஒட்டினாற்போல் எங்கள் பள்ளிக்கூடம். பகலில் நான் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. மீதி நேரத்தில் பள்ளிக்கூடக் கமிட்டியின் காரியதரிசி. இந்தப் பதவி எனக்கு எப்படி வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அன்றைய கூட்டத்துக்கு நான் போகவில்லை, அப்படித்தான் வந்தது. போனவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். வராதவன் எப்படிக் காரணம் சொல்வான்?

கமிட்டியில் ஐந்து பேர். இருவரைச் சரஸ்வதி பூஜை சுண்டலுக்கு மட்டும் பார்க்கலாம். மற்ற மூவரில் ஒருவன் நான். இன்னொருவர் தலைவர், அரிசித் தரகர், ராமநாதபுரத்துக்காரர், பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய மனசு, ஆனால் மனசைத் திறக்க நேரமாகும். மூன்றாமவர் ரயில்வே ஒர்க்‌ஷாப் மேஸ்திரி. எதற்கும் "சரி" என்பார். அதை இஞ்சின் ஊதுகிற சத்தத்தில் சொல்வார்.

முன் கூடத்தில் ஆண்பிள்ளைகள். அவர்கள் பக்கம் முனிசிபாலிட்டி அங்கீகாரம் பெற்று, வருஷா வருஷம் மானியம் வாங்கிக்கொண்டிருந்தது. பின் கூடத்தில் பெண்பிள்ளைகள். அந்த வகுப்பு ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. முனிசிபாலிட்டி எங்களிடம் சொன்னது இதுதான்: ஒரு வருஷம் உங்கள் பணத்தில் நடத்திக் காட்டுங்கள், பிறகு ஒரு நாள் பார்வையிட வருவோம், இருபது பெண்களாவது உட்கார்ந்து படித்தால் டீச்சர் சம்பளத்தில் பாதி நாங்கள் தருகிறோம். இல்லையென்றால் இல்லை. எங்களால் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்க முடியாது. ஆகவே அந்த ஒரு பார்வையில் தவறினால் வகுப்பு போய்விடும். பெண்கள் வீட்டுக்கும், டீச்சரம்மா தன் சொந்த ஊரான மோல்மீனுக்கும் திரும்ப வேண்டியதுதான்.

டீச்சரம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். ஒல்லி. பேச்சு அதைவிட ஒல்லி. பெண்கள் அவரைப் பர்மிய வழக்கப்படி 'சயாமா' என்று கூப்பிடுவார்கள். தெருவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். பர்மிய பாஷை அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழைத்தான் பள்ளிக்கூடத்துக்கு வந்து படிக்க வேண்டியிருந்தது.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்கள் தனியாக வரமாட்டார்கள். ஏறக்குறைய ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு தம்பியோ தங்கையோ இருக்கும். அப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய்விடுவான். மில்லில் சங்கு ஊதியதும் அம்மா அரிசி புடைக்கப் போய்விடுவாள். வீட்டில் மூத்தவள்தான் அம்மா. டீச்சரம்மா சுவரோரமாகக் கோணிச் சாக்குகளை விரித்திருந்தார். பொடிசுகள் அதில் தூங்கும், தவழும், அழும், சாக்பீஸ் தின்னும். அக்காமார்கள் ஒரு கண்ணைப் பலகையிலும் இன்னொரு கண்ணைச் சாக்கிலும் வைத்துக்கொண்டு படிப்பார்கள். நான் அந்தக் கூடத்துக்கு உள்ளே போனது மிகக் குறைவு. கதவருகே நின்று "எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன். மேற்பார்வை என்று நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பார்வையிட வருவதாகத் தபால் வந்தது. எனக்குச் சுறுசுறுப்பும் வந்தது. முனிசிபாலிட்டி விதிப் புத்தகத்தை எடுத்து ஒரே மூச்சில் படித்தேன். அதற்கு முன் அதை மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுக்கத்தான் வைத்திருந்தோம். அதில் ஒரு விதி: பள்ளி வயதுக்குக் குறைந்த குழந்தைகள் வகுப்பில் இருக்கலாகாது. படித்ததும் எனக்கு வியர்த்தது. இடுப்புக்கு ஒன்றாக இருபது விதிமீறல்கள் தவழ்ந்துகொண்டிருக்கின்றனவே!

டீச்சரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பதற்குப் பொறுமை வேண்டும். பயந்தவனிடம் அது ஏது? "நாளை பார்வையிட அதிகாரிகள் வருவதால் பெண்பிள்ளைகள் குழந்தைகளை வீட்டில் விட்டு வரவும். மீறினால் வகுப்பில் சேர்க்கப்படமாட்டார்கள். இப்படிக்குக் காரியதரிசி" என்று அழகான கையெழுத்தில் பத்துக் காகிதம் எழுதினேன். புதன்கிழமை சாயங்காலம், கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளின் சுவர்களில் ஒட்டவும் செய்தேன். அது போதாதென்று கோவில் தவில்காரரைக் கூட்டிக்கொண்டு சந்து சந்தாகப் போய்த் தட்டச் சொல்லி, நானே கத்தினேன். மாடியிலிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, "யாரு வூட்ல கல்யாணம்?" என்று கேட்டாள். அம்மாமார்களுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் காகிதத்தில் இருந்ததை எழுத்து விடாமல் படித்துச் சொன்னது எங்கள் வகுப்புப் பெண்கள்தான். வகுப்பு எவ்வளவு நன்றாக நடக்கிறது என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

மறுநாள் காலை மழை. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, இரவல் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு ஒன்பதரைக்கே போய்ச் சேர்ந்தேன். பின் கூடம் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. சாக்குகள் இல்லை. பொடிசுகள் இல்லை. பெண்களும் இல்லை. மூன்றே மூன்று பேர், ஆளுக்கொரு மூலையில். அதில் ஒருத்தி என் மகள். என் வீட்டில் அவள்தான் கடைசி.

"மத்தவங்கல்லாம் எங்கம்மா?" என்று மகளிடம் கேட்டேன்.

"நீங்கதானேப்பா வரவேணாம்னு தவில் அடிச்சீங்க."

"நான் பொடிசுகளைத்தானே வேணாம்னேன்!"

ஜன்னலோரம் நின்ற டீச்சரம்மா திரும்பிப் பார்த்தார். "பொடிசுகளை யார்கிட்ட விட்டுட்டு வருவாங்க ஐயா? உங்க ஆபீஸ்லயா?"

என் ஆயுளில் நான் போட்ட உத்தரவுகளில் எல்லோரும் அப்படியே கீழ்ப்படிந்தது அது ஒன்றுதான். என்னை அறியாமலே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பெஞ்சு சின்னப் பிள்ளைகளுக்கானது. முழங்கால் மோவாயில் இடித்தது.

"இப்ப என்ன டீச்சரம்மா செய்யறது? முன் கூடத்துல இருந்து இருபது பையன்களைக் கூட்டியாந்து பூ வச்சு உக்கார வச்சா..."

"ஐயா."

"சும்மா ஒரு யோசனை."

அவர் குடையை எடுத்தார். "நான் லைன் வீடுங்களுக்குப் போய்ட்டு வர்றேன். அரைமணி நேரமாகும். அதுவரைக்கும் வர்றவங்ககிட்ட நீங்க பேசிக்கிட்டே இருங்க. அது உங்களுக்கு நல்லா வரும்." பின்வாசல் வழியாக மழையில் இறங்கிவிட்டார்.

முன்வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது. பத்தாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. சீக்கிரம் வருகிற அதிகாரிகளும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இறங்கியவர் ஒரு பர்மிய அம்மாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். உச்சிக்கொண்டையில் ஒரு வெள்ளைப் பூ, பட்டுத் துணி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு நோட்டுப் புத்தகம். பெண்கள் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் இன்ஸ்பெக்டர் அவர்தானாம். எனக்குத் தெரிந்த பர்மிய பாஷை கடைத்தெருவில் கற்றது. அதில் மீன் வாங்கலாம், சம்பான் படகுக்காரனிடம் பேரம் பேசலாம். அதிகாரியை உபசரிப்பது கஷ்டம். ஆனாலும் ஆரம்பித்தேன்.

"வகுப்பு எங்கே?" என்றார் அவர்.

"முதலில் பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்று அம்மா தெரிந்துகொள்ள வேண்டும்" என்று சொல்லி அவரைக் கமிட்டி அறைக்குள் கூட்டிப் போனேன். தலைவரும் மேஸ்திரியும் அங்கே மாலையும் எலுமிச்சம்பழமுமாக நின்றிருந்தார்கள். மாலை போட்டோம். காப்பி கொடுத்தோம். பிறகு நான் பேசினேன். ஆண்பிள்ளைகள் பக்கத்துக்கு மானியம் எப்படி வருகிறது என்று சொன்னேன். அரிசி வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று பள்ளிக்கூடத்துக்கு எடுத்து வைக்கிற மகமையைச் சொன்னேன். கடைசியில் பிடி அரிசிக்கு வந்தேன். உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்துப் பானையில் போடுவார்கள்; ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சாக்கோடு போய்த் திரட்டி வந்து கோவில் வாசலில் ஏலம் விடுவோம்.

"ஏலத்தில் யார் எடுப்பார்கள்?" என்று அவர் கேட்டார்.

"தலைவர்."

"எப்போதுமா?"

"தெரு முழுக்க உள்ள வீட்டு அரிசியை ஒன்றாகக் கலந்தால் எது எப்போது வேகும் என்று யாருக்கும் தெரியாது அம்மா. வேறு யாரும் கேட்க மாட்டார்கள்."

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் நெளிந்தார். "நல்ல விலைதாம்மா குடுக்கிறேன். கோழிக்குப் போடுறேன்" என்றார் தமிழில். நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. வந்த உயிர் உடனே போனது, ஏனென்றால் அடுத்தபடியாக அவர் இப்படிக் கேட்டார்:

"நீங்கள் மூவரும் பெண்கள் வகுப்பு நடக்கும்போது உள்ளே போய் உட்கார்ந்ததுண்டா?"

மேஸ்திரிகூடச் "சரி" என்று சொல்லவில்லை.

"டீச்சர் கமிட்டியில் இருக்கிறாரா?"

"கூப்பிட்டால் வந்து கதவருகே நிற்பார்" என்றேன். சொல்லும்போதே அது நன்றாக இல்லை என்று எனக்கே பட்டது.

அந்தச் சமயத்தில் பின்வாசலில் சத்தம் கேட்டது. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். டீச்சரம்மா புடவை நனைந்து, இரண்டு கையிலும் இரண்டு பொடிசுகளோடு வந்துகொண்டிருந்தார். குடை ஒரு பெண்ணிடம் இருந்தது. அந்தக் குடைக்குக் கீழே நாலு பெண்கள், நாலு குழந்தைகள். பின்னால் மற்றவர்கள், வாழையிலையைத் தலையில் பிடித்துக்கொண்டு. எண்ணினேன்: மொத்தம் இருபத்திரண்டு பெண்கள். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அதற்குள் விதிப் புத்தகம் ஞாபகம் வந்துவிட்டது.

"டீச்சரம்மா, பொடிசுகளை எல்லாம் என்கிட்ட குடுங்க. கமிட்டி ரூம்ல வச்சுக்கறோம். அந்தம்மா பாக்கவே கூடாது."

"ஐயா, வேணாம். இருக்கிறபடியே பாத்துட்டுப் போகட்டும்."

"விதி இருக்கு டீச்சரம்மா!"

நான் அதற்குள் இரண்டைப் பிடுங்கிக்கொண்டுவிட்டேன். ஒன்று என் இரவல் கோட்டின் பொத்தானைப் பிடித்தது, விடவில்லை. டீச்சரம்மா ஒரு பெருமூச்சு விட்டு முன்பக்கமாகப் போய் இன்ஸ்பெக்டர் அம்மாளை வகுப்புக்கு அழைத்துப் போனார். அவர்கள் முதுகு திரும்பியதும் பக்கவாட்டுக் கதவு வழியாகக் குழந்தைகள் கமிட்டி அறைக்குள் இறங்கின.

"என்னய்யா இது?" என்றார் தலைவர்.

"பிடிங்க, சொல்றேன்."

கதவைச் சாத்தினோம். மூன்று ஆண்கள், ஏறக்குறைய இருபது பொடிசுகள். மேஸ்திரி தரையில் உட்கார்ந்து ரயில் மாதிரி புகை விட்டுக் காட்டினார். ஐந்தாறு பேர் அவர் மேல் ஏறிவிட்டார்கள். தலைவரின் தொந்தியில் ஒரு பெண் குழந்தை குப்புறப் படுத்து, அவர் மூச்சு விடும்போதெல்லாம் ஏறி இறங்கித் தூங்கிப்போனது. அவர் அசையாமல், உதடு மட்டும் அசைய, "யோவ், விசிறுய்யா, வேர்க்குது பிள்ளைக்கு" என்றார். போன கூட்டத்தின் தீர்மானக் காகிதத்தை எடுத்து விசிறினேன். இன்னொரு காகிதத்தை ஒருவன் தின்றுகொண்டிருந்தான். அது ஒழுங்கு நடவடிக்கை பற்றிய தீர்மானம்.

சுவருக்கு அப்பால் வகுப்பு நடப்பது கேட்டது. இன்ஸ்பெக்டர் அம்மாளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகவே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சுவரில் ஒட்டியிருந்த அம்மைகுத்தும் அறிவிப்பைக் காட்டி, அதைத் தமிழில் வாசித்துப் பர்மிய பாஷையில் சொல்லும்படி ஒரு பெண்ணிடம் கேட்டார். அவள் கணீரென்று வாசித்தாள். பிறகு பர்மிய பாஷையில், எந்த நாளில், எந்த வீதியில், எந்த வயதுக் குழந்தைகளுக்கு என்று ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில் தன் சொந்தச் சரக்கையும் சேர்த்துவிட்டாள்: "ஆனா போன தடவை அவங்க லேட்டா வந்தாங்க. எங்கம்மா அரைநாள் கூலி போச்சு."

"அது அறிவிப்பில் இருக்கிறதா?" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மாள்.

"இல்லை. நான் சொல்றேன்."

அடுத்து இன்னொருத்தி, அதற்கடுத்து இன்னொருத்தி. ஒரு வருஷத்துக்கு முன்னால் அகரம் தெரியாத பிள்ளைகள். நான் கதவோரம் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் இப்படி வாசிப்பார்கள் என்று காரியதரிசியாகிய எனக்கு அதுவரை தெரியாது. தலைவர் மெல்ல, "யாருய்யா அந்தப் பிள்ளை, இம்புட்டு நல்லா வாசிக்குது?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் அவர் தொந்தியிலிருந்து வந்தது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அக்காவின் குரலைக் கேட்டு விழித்து, வாயைத் திறந்து வீறிட்டது. அதைப் பார்த்து இரண்டாவது. பிறகு எல்லாம் சேர்ந்து. மேஸ்திரி இஞ்சின் சத்தத்தால் அதை அமுக்கப் பார்த்தார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்ததாகப் பிற்பாடு சொன்னார்கள்.

கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் அம்மாள் நின்றார். அவருக்குப் பின்னால் டீச்சரம்மா. அம்மாள் ஒருவரும் விடாமல் எல்லோரையும் பார்த்தார். என் தோளில் இருந்தவன் அப்போதும் பொத்தானை விடவில்லை.

"யார் இவர்களெல்லாம்?"

எனக்கு மூளை நின்றுவிட்டது. "கமிட்டி, அம்மா" என்றேன்.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். டீச்சரம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் அம்மாள் சிரிக்கவில்லை. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கீழே கிடந்த ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, டீச்சரம்மாவைப் பார்த்தார். "சயாமா, இவர்கள் தினமும் வருவார்களா?"

"தினமும் வருவாங்க. இவங்க வந்தாத்தான் அக்காமாரும் வரமுடியும்."

"இன்று ஏன் ஒளித்து வைத்தீர்கள்?"

டீச்சரம்மா என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். அவர் குனிந்து ஒரு பொடிசின் மூக்கைத் துடைத்தார். ஆகவே நானே சொன்னேன்: விதிப் புத்தகத்தையும், பத்துக் காகிதத்தையும், தவிலையும், காலியாய்க் கிடந்த பெஞ்சுகளையும். மீன் வாங்கும் பாஷையில் பாவமன்னிப்புக் கேட்பது எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தலைவர், "அவரு நல்லவருதாம்மா. கொஞ்சம் பயந்த சுபாவம்" என்று தமிழில் எனக்காகப் பரிந்து பேசினார். அதையும் நானே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

அம்மாள் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். "வகுப்பில் இருக்கக் கூடாது என்று இருக்கிறது. பக்கத்து அறையில் இருக்கக் கூடாது என்று எங்கே இருக்கிறது?"

நாங்கள் மூவரும் புத்தகத்தை எட்டிப் பார்த்தோம். எங்கும் இல்லை.

"ஓர் அறையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இருந்தால் நான் எழுதலாம். அறை இருக்கிறதா?"

பள்ளிக்கூடத்தில் இன்னொரு அறை என்று இருந்தது அது ஒன்றுதான். கமிட்டி அறை. புது நாற்காலிகளும், தலைவரின் பெயர் எழுதிய பலகையுமாக அவர் ஆசையாய்ச் செய்த அறை. அவர் மடியில் அந்தப் பெண் குழந்தை மறுபடி தூங்க ஆரம்பித்திருந்தது. அதை மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

"இதையே எழுதிக்கிடச் சொல்லுய்யா. நம்ம கூட்டத்தை என் கடையில மூட்டை மேல உக்காந்து போட்டுக்கிடலாம். பாத்துக்கிற ஆளுக்குப் பிடி அரிசிப் பணம் இருக்கு. பத்தலைன்னா என் கோழி கொஞ்சம் கூடுதலாத் திங்கட்டும்."

"சரி!" என்றார் மேஸ்திரி. இரண்டு குழந்தைகள் திடுக்கிட்டு அழுதன.

அம்மாள் பார்வையிடும் புத்தகத்தில் எழுதினார். வாசிப்பு மிக நன்று. கணக்கு பலவீனம். தையல் ஒன்றும் காணோம். குழந்தைகளுக்குத் தனி அறை என்ற நிபந்தனையோடு அங்கீகாரம் தர சிபாரிசு. கடைசியில் ஒரு வரி: டீச்சரைக் கமிட்டியில் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வது நலம். வண்டி ஏறும்போது என்னிடம், "பொத்தான் ஒன்று குறைகிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சில வாரத்தில் அங்கீகாரம் வந்தது. ஒரு குழந்தையின் அம்மாவே மில் வேலையை விட்டுப் பொடிசுகளைப் பார்த்துக்கொள்ள வந்தாள். அரிசி மூட்டைகள் மேல் நடந்த முதல் கூட்டத்தில் டீச்சரம்மாவும் உட்கார்ந்தார். அதற்கு முன் எத்தனையோ கூட்டம் போட்டிருக்கிறோம். இடம், மரியாதை, யார் பெயர் முதலில் என்று பேசியே பொழுது போகும். அன்று அவர் எத்தனை பலகை உடைந்திருக்கிறது, யார் நாலு நாளாக வரவில்லை, ஏன் வரவில்லை என்று சொன்னார். பள்ளிக்கூடத்தை நடத்துவது என்றால் இதுதான் என்று நாங்கள் மூன்று பேரும் வாயைத் திறந்துகொண்டு கேட்டோம்.

கூட்டம் முடிந்ததும் அவருக்கு முறையாக நன்றி சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். மூட்டையிலிருந்து இறங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "டீச்சரம்மா, அன்னிக்கி நீங்க மட்டும் மழையில போகலேன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"அது இருக்கட்டும் ஐயா. கணக்கு பலவீனம்னு எழுதிட்டுப் போயிருக்காங்க. எனக்கு ஒரு கை பத்தல. நீங்க வாரத்துல ஒரு நாள் வந்து வாய்ப்பாடு கேளுங்க."

"நானா?"

"கப்பல் ஆபீஸ்ல கணக்குத்தானே எழுதறீங்க?"

இப்போது வியாழக்கிழமை தோறும் ஆபீஸ் விட்டதும் போகிறேன். அதற்காகவே டீச்சரம்மா அன்று வகுப்பை நீட்டி வைத்திருக்கிறார். பெண்கள் வரிசையாக நின்று ஒப்பிப்பார்கள். நான் பிரம்பில்லாமல் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்பேன். போன வாரம் பதினாறாம் வாய்ப்பாட்டில் ஒருத்தியைத் திருத்தினேன். அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். பிறகு விரல் விட்டு எண்ணினாள். "இல்லைங்கய்யா. நான் சொன்னதுதான் சரி" என்றாள். நானும் எண்ணிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி.